மேடையேறிய வாக்குவம் கிளீனர்

பாகலூரில் நான் குடியிருக்கும் தெருவுக்கு அருகே ஒரு சிறு கோயில் உண்டு. மாலைப் பூசையின்போது அங்கே முரசு முழங்கும், மணி ஒலிக்கும், சேகண்டியும் சேர்ந்துகொள்ளும். ஆனால், வாசிப்பவர் என்று ஒருவரும் இருப்பதில்லை. சுவரோரமாக ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்ட இந்த வாத்தியங்களை ஒரு சின்னஞ்சிறு மின் மோட்டார் அடித்துக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் இந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள்.

சில மாதங்களுக்கு முன்பு, சரியாகத் தீபாராதனை நேரத்தில் மின்சாரம் நின்றுபோனது. முரசு பாதி அடியில் நின்றது. அர்ச்சகர் ஒரு கையில் தீபத்தட்டை ஏந்தியபடி மறு கையால் கைமணியைத் தேடினார். மணி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது அங்கிருந்த எவருக்கும் நினைவில்லை. முன்வரிசையில் நின்றிருந்த குழந்தைகள் சிரித்துவிட்டனர். பெரியவர்களும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில், சிரித்தது சரிதானா என்ற கேள்வி என்னைத் தொடர்ந்தே வந்தது.

அந்தக் கேள்வி எனக்கு நினைவூட்டியது, ஓர் ஆங்கிலேயர் எழுதிய வேடிக்கையான இசைப் படைப்பை. சர் மால்கம் ஆர்னால்டு 1956-இல் எழுதிய 'எ கிராண்ட், கிராண்ட் ஓவர்ச்சர்' என்பது அதன் பெயர். 'மாபெரும் மாபெரும் முன்னிசை' என்று சொல்லலாம். முழு ஆர்க்கெஸ்ட்ராவுடன் ஆர்கனும் இசைக்க, அவற்றுக்கு முன்னால் தனி வாத்தியங்களாக இடம்பெறுபவை மூன்று வாக்குவம் கிளீனர்கள், தரையை மெருகேற்றும் மின் இயந்திரம் ஒன்று, ரைபிள்கள் நான்கு. எட்டு நிமிட அளவிலான இந்தப் படைப்பை, பொருளியல் வகுப்பில் கலைகளின் பொருளாதாரம் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவர்களுக்கு நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். நான் இசை பயின்றவன் அல்லன். ஆயினும், இயந்திரம், உழைப்பு, ஊதியம் ஆகியவற்றைப் பற்றி ஒரு பாடநூல் அத்தியாயம் சொல்லத் தயங்குவதை இந்தக் கேலி இசை சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் அந்தப் படைப்பு பிறந்த சூழலைக் கூற வேண்டும். ஜெரார்டு ஹாஃப்னங் என்பவர் 1925-இல் பெர்லினில் பிறந்து, சிறுவயதிலேயே நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர், கேலிச்சித்திரக்காரர், ட்யூபா என்னும் பெரிய ஊது வாத்தியத்தை வாசிப்பவர். சங்கீத மேடையின் பகட்டையும் படாடோபத்தையும் கிண்டல் செய்வதற்கென்றே ஓர் இசை விழாவை அவர் திட்டமிட்டார். அவ்விழா 1956 நவம்பர் 13 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடைபெற்றது. அக்காலத்தின் தலைசிறந்த ஹார்ன் கலைஞரான டென்னிஸ் பிரெய்ன், அன்று தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை ஊதி இசைத்துக் காட்டினார். அதே விழாவுக்காக ஆர்னால்டு எழுதியதே இந்த முன்னிசை.

பிரிட்டனுக்கு அது மகிழ்ச்சியான காலம் அன்று. சூயஸ் கால்வாய் விவகாரத்தில் எகிப்தின் மீது படையெடுத்து, உலக நாடுகளின் எதிர்ப்பால் போரை நிறுத்திக்கொள்ள நேர்ந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. சூரியன் மறையாத பேரரசு என்ற பெருமிதம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில், 'மாபெரும்' என்ற சொல்லை இருமுறை போட்டுத் தலைப்பிட்ட ஓர் இசையை வாக்குவம் கிளீனரின் இரைச்சலோடு கேட்டு ஆங்கிலேயர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த சமூகத்துக்கு வீழ்ச்சியையும் தாங்கிக்கொள்ளும் வலிமை வந்துவிடுகிறது போலும்.

படைப்பின் நகைச்சுவை மேலோட்டமானது அன்று. ஆர்னால்டு தம் கருவிகளுக்குச் சுருதியும் குறித்திருக்கிறார். நிமிர்ந்து நிற்கும் வாக்குவம் கிளீனர்கள் இரண்டும் பி ஃப்ளாட் சுருதி. கழற்றி மாட்டும் உறிஞ்சுகுழாய் கொண்ட, படுத்த நிலையிலான மூன்றாவது கருவி சி சுருதி. மெருகேற்றும் இயந்திரம் ஈ ஃப்ளாட் சுருதி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முன்னிசைகளின் ஆரவாரத்தை அப்படியே போலச்செய்யும் இசை முழங்கும்போது, இந்த இயந்திரங்கள் அத்தனை கம்பீரத்தோடும் உறுமத் தொடங்கும். நடுவே உண்மையிலேயே நெஞ்சை அள்ளும் ஒரு மெட்டும் விரியும். கேலிக்காக எழுதியதாயிற்றே என்று மெட்டில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. இறுதியில் ரைபிள்கள் வெடித்து இயந்திரங்களின் கதையை முடித்துவைக்கும். அதன் பிறகும் இசை முடிவதாக இல்லை. முடிந்துவிட்டது என்று நாம் கைதட்டத் தயாராகும் ஒவ்வொரு முறையும் இன்னொரு முழக்கம் எழும். நன்றியுரை முடியாத நம்மூர்ப் பொதுக்கூட்டங்களை நினைத்துக்கொள்ளலாம்.

இதைவிடச் சுவையானது, இந்தப் படைப்பு யாருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது என்பது. 'அதிபர் ஹூவருக்கு' என்று ஆர்னால்டு குறித்தார். ஹூவர் என்பது வாக்குவம் கிளீனரின் வணிகப் பெயர். நாம் ஒளிநகல் எடுப்பதையே 'ஜெராக்ஸ்' என்பதுபோல, பிரிட்டனில் அக்கருவியால் தரையைச் சுத்தம் செய்வதையே 'ஹூவர்' செய்வது என்பார்கள். அதே பெயருடையவர் அமெரிக்க அதிபராக 1929 முதல் 1933 வரை இருந்த ஹெர்பர்ட் ஹூவர். பெயர்ப் பொருத்தத்தை வைத்து ஆர்னால்டு விளையாடியிருக்கிறார். ஆனால், ஒரு பொருளியல் ஆசிரியனால் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்போடு நிறுத்திக்கொள்ள முடியாது. அவர் பதவிக்காலத்தில்தான் பெருமந்தம் அமெரிக்காவைச் சூழ்ந்தது. அவர் பதவியைவிட்டு இறங்கிய 1933-இல், அந்நாட்டுத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வேலையின்றி நின்றார்.

வேலையிழப்பு இசைக்கலைஞர்களுக்கும் புதிதன்று. ஊமைப்படக் காலத்தில் ஒவ்வொரு திரையரங்கிலும் திரைக்குக் கீழே அமர்ந்து வாசிக்க இசைக்குழுவினர் இருந்தார்கள். 1927-க்குப் பிறகு பேசும்படம் பரவியபோது, சில ஆண்டுகளுக்குள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் வேலையிழந்தார்கள். அந்த அனுபவம் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் நினைவில் நெடுங்காலம் நீடித்தது. வானொலியில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம் என்பதற்கு அச்சங்கமும் இசைத்தட்டு நிறுவனங்களும் விதித்த கட்டுப்பாடு 1988 வரை அங்கே நடைமுறையில் இருந்தது. இயந்திரத்தைத் தடுக்க இயலாது, ஆனால் அதன் வேகத்தைப் பற்றிப் பேரம் பேச முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

ஆர்னால்டு இதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். காலணி உற்பத்திக்குப் பேர்பெற்ற நார்த்தாம்ப்டன் நகரில், காலணித் தொழில் செய்த குடும்பத்தில் 1921-இல் பிறந்தவர் அவர். இசையமைப்பாளராக அறியப்படுவதற்கு முன்பு லண்டன் ஃபில்ஹார்மானிக் குழுவில் டிரம்பெட் வாசித்துச் சம்பளம் வாங்கியவர். ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவில் அமர்ந்து, தன் முறைக்காகப் பக்கக்கணக்கில் காத்திருந்து, ஒற்றை முழக்கத்தைச் சரியான நொடியில் எழுப்பும் தொழிலாளியின் பார்வை அவருக்கு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலாண்மை வட்டாரங்களில் உலவிய ஒரு நகைச்சுவைக் குறிப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. செயல்திறன் நிபுணர் ஒருவர் சிம்பொனிக் கச்சேரிக்குச் சென்றுவந்து அறிக்கை கொடுக்கிறார். ஓபோ வாசிப்பவர்கள் நெடுநேரம் சும்மா இருக்கிறார்கள். வயலின்காரர்கள் அத்தனை பேரும் ஒரே ஸ்வரத்தை வாசிப்பது வீண்செலவு. தந்தி வாத்தியம் வாசித்த பகுதியையே ஊது வாத்தியங்கள் திரும்ப வாசிக்கின்றன, அதை நீக்கிவிட்டால் கச்சேரியை இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்ற ரீதியில் அது போகும். சிரிக்கிறோம். ஆனால், ஓசூர்த் தொழிற்பேட்டையில் இதே மொழியில் எழுதப்படும் அறிக்கைகளைக் கண்டு எவரும் சிரிப்பதில்லை.

இந்த வேடிக்கைக்குள் இருக்கும் மெய்யான சிக்கலை முறைப்படி விளக்கியவர்கள் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள். நிகழ்த்துகலைகளின் பொருளாதார நெருக்கடி குறித்த அவர்களது நூல் 1966-இல் வெளிவந்தது. அவர்கள் வாதத்தை எளிமையாகச் சொல்லலாம். நூறாண்டுகளுக்கு முன்பு எண்பது பேர் சேர்ந்து நாற்பது நிமிடம் வாசித்த ஒரு சிம்பொனியை இன்று வாசிக்கவும் அதே எண்பது பேரும் அதே நாற்பது நிமிடமும் தேவை. இதே காலத்தில் ஒரு கைக்கடிகாரத்தையோ இருசக்கர வாகனத்தையோ செய்து முடிக்கத் தேவைப்படும் மனித நேரம் பன்மடங்கு குறைந்துவிட்டது. உற்பத்தித்திறன் உயர உயரத் தொழிற்சாலையில் ஊதியமும் உயரும். வயலின்காரரின் உற்பத்தித்திறன் உயரவில்லை என்றாலும், அவருக்கும் ஊதியத்தை உயர்த்தித்தான் ஆக வேண்டும்; இல்லையேல் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே, நேரடி இசையின் செலவு மற்றப் பொருள்களின் செலவோடு ஒப்பிடும்போது ஏறிக்கொண்டே இருக்கும். இதைப் 'பாமலின் செலவு நோய்' என்று பொருளியலில் குறிப்பிடுகிறோம். ஆசிரியர், செவிலியர், முடிதிருத்துவோர் என மனித நேரமே சரக்காக விளங்கும் எல்லாத் தொழில்களுக்கும் இது பொருந்தும்.

இந்தக் கோட்பாட்டைக் கற்பிக்க ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகும்வரை, இந்த எல்லைப் பகுதி ராகியும் அவரையும் விளையும் மேட்டு நிலமாகவே இருந்தது. அதன்பின் வாகனத் தொழிற்சாலைகளும் பொறியியல் பட்டறைகளும் வரிசையாக வந்தன. பாகலூர்ச் சாலையில் இன்று பணிமுறை மாறும் நேரத்தில் நின்று பார்த்தால், தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒரே பேருந்தில் ஏறுவதைக் காணலாம். பக்கத்து வயல்களில் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்கிறது. இந்த வளர்ச்சி எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்தும் பசியிலிருந்தும் மீட்டது. அதில் எனக்கு ஐயமில்லை.

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா இசைக்கும் ஓசூருக்கும் பழைய உறவு ஒன்று இருப்பதைப் பலர் அறிந்தும் உணர்வதில்லை. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் இணைந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கடிகாரம் செய்தது. அந்தக் கடிகாரத்தின் தொலைக்காட்சி விளம்பரங்களில் ஒலித்த மெட்டு, மொசார்ட் 1773-இல் தம் 17-ஆம் வயதில் எழுதிய 25-ஆவது சிம்பொனியின் தொடக்கம். சிம்பொனி என்ற சொல்லையே கேள்விப்பட்டிராத கோடிக்கணக்கான இந்தியர்களின் காதுகளில் அது பதிந்தது. நிமிடக் கணக்கில் கடிகாரங்கள் செய்யும் தொழிற்சாலையின் பெருமையைச் சொல்ல, இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு நிமிடம்கூடச் சுருக்க முடியாத ஓர் இசை தேவைப்பட்டது என்பதில் பாமல் நிச்சயம் புன்னகைத்திருப்பார்.

தொழிற்சாலை இசையைத் தேடிப்போவது பழைய கதைதான். இரண்டாம் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிற்சாலைகளில் உற்பத்தி தளராமல் இருப்பதற்காக பிபிசி வானொலி 1940-இல் 'மியூசிக் வைல் யூ ஒர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. எரிக் கோட்ஸ் எழுதிய துள்ளலான அணிநடை இசை அதன் முகப்பாக ஒலித்தது. இயந்திரங்களின் நடுவே நின்றவர்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா அனுப்பிவைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து ஆர்னால்டு அதைத் தலைகீழாக்கினார். ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவே இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவர் எந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ரயில் எஞ்சினையோ விமானத்தையோ அவர் தேடவில்லை. அரங்கைச் சுத்தம் செய்யும் கருவியைத் தேர்ந்தெடுத்தார். ரசிகர்கள் வருவதற்கு முன்பும் போன பிறகும் அந்தக் கருவிகள் அதே அரங்கில்தான் இயங்குகின்றன. அவற்றை இயக்கும் கைகளை எந்த ரசிகரும் பார்த்ததில்லை. நல்ல துப்புரவு என்பது நடந்ததே தெரியாமல் நடப்பது என்பது உலக வழக்கம். அந்த ஒலியை முதல் வரிசைக்கு அழைத்துவந்து, கோட்டு அணிந்த இசை நடத்துநரின் கையசைவுக்குக் காத்திருக்கச் செய்தார் ஆர்னால்டு. 2009-இல் லண்டன் 'ப்ராம்ஸ்' இசைவிழாவின் நிறைவு நாளில் இப்படைப்பு நிகழ்த்தப்பட்டபோது, மெருகேற்றும் இயந்திரத்தை இயக்கியவர் உலகறிந்த இயற்கை ஆர்வலர் டேவிட் அட்டன்பரோ. அரங்கம் ஆர்ப்பரித்தது. அன்றிரவு அனைவரும் கலைந்த பிறகு அதே அரங்கைக் கூட்டியவர்களுக்காக எவரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

யாருடைய உழைப்பு கேட்கிறது, யாருடையது கேட்பதில்லை என்ற இந்த வினா தமிழர்களான நமக்கு ஆர்னால்டின் இன்னொரு படைப்பிலும் எதிர்ப்படுகிறது. டேவிட் லீன் இயக்கி 1957-இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைப்படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் விருது பெற்றவர் அவர்தான். போர்க் கைதிகள் சீழ்க்கையடித்துக்கொண்டு நடந்துவரும் காட்சியும், அந்தச் சீழ்க்கை மெட்டோடு அவர் பின்னிய அணிநடை இசையும் உலகப் புகழ் பெற்றவை. இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்ட அந்தக் கதை, ஜப்பானியர் 1942, 1943 ஆண்டுகளில் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையைப் பற்றியது.

அந்தப் பாதையில் மடிந்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல். அங்கே இறந்த ஆசியத் தொழிலாளர்களோ அதைப்போலப் பல மடங்கு. அவர்களுள் பெருந்தொகையினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் மிரட்டியும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் இறந்த அவர்களுக்குக் கல்லறைகள்கூட முறையாக அமையவில்லை. திரைப்படத்தின் கதைக்குள் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே, இசையிலும் இல்லை. இது இசையமைப்பாளரின் குற்றம் என்று நான் கூறவில்லை. தரப்பட்ட கதைக்கு அவர் இசை எழுதினார். ஆனால், துடைப்பவரின் கருவியை மேடையேற்றிய அதே கை எழுதிய புகழ்மிக்க மெட்டில், தண்டவாளம் சுமந்தவர்களின் மூச்சு கேட்பதில்லை என்பதை நினைக்காமல் என்னால் அந்தச் சீழ்க்கையைக் கேட்க முடிவதில்லை.

வீட்டுப் பொருளை மேடைக்குக் கொண்டுவருவது நமக்கும் அந்நியமன்று. தண்ணீர்ப் பானையின் உறவான கடம் நம் கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்கு அருகே அமர்ந்திருக்கிறது. விக்கு விநாயக்ராம் அதை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்று கிராமி விருது பெற்ற குழுவில் பங்குபெற்றார். பீங்கான் கிண்ணங்களில் நீரூற்றி வாசிக்கும் ஜலதரங்கமும் நம்மிடம் உண்டு. மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது வழங்கியது, வாத்தியத்துக்குப் பின்னாலிருக்கும் மண்பிசைந்த கைகளுக்குச் செய்த மரியாதை. ஆக, எந்தப் பொருள் மேடைக்கு வருகிறது என்பது சிக்கலே அன்று. அதனோடு மனிதரும் வருகிறாரா என்பதே சிக்கல்.

இங்கேதான் ஆர்னால்டின் படைப்புக்கும் எங்கள் தெருக்கோயில் மோட்டாருக்கும் உள்ள வேறுபாடு புலப்படுகிறது. பொருளியலில் ஓர் இயந்திரம் இருவகையாகச் செயல்படும் என்போம். உழைப்புக்குத் துணைநிற்பது ஒன்று. உழைப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வது மற்றொன்று. ஆர்னால்டின் வாக்குவம் கிளீனர்கள் ஒரு வயலின்காரரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. முழு ஆர்க்கெஸ்ட்ராவும் அப்படியே இருக்க, நான்கு கருவிகளுக்கு நான்கு பேரும் நான்கு ரைபிள்களுக்கு நான்கு பேரும் கூடுதலாகத் தேவைப்பட்டார்கள். இயந்திரத்தின் பெயரால் எட்டுப் பேருக்கு வேலை கூடியது! கோயில் மோட்டாரோ நாகசுரக்காரர், தவில்காரர், தாளம் போடுபவர் மூவரையும் ஒருசேர விடுவித்துவிட்டது.

ஆனால், அதை நிறுவியவர்கள் கலையுணர்வற்றவர்கள் என்று கூறுவது அநீதி. பாமலின் கணக்கு அவர்களையும் நெருக்குகிறது. தவில்காரரின் மகன் ஓசூர்த் தொழிற்சாலைக்குச் சென்றால் மாதம் தவறாமல் ஊதியம், வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு. கோயிலில் இரு வேளைப் பூசைக்குக் கிடைப்பது எப்போதும் சொற்பம். நானாக இருந்தாலும் என் மகனைத் தொழிற்சாலைக்குத்தான் அனுப்பியிருப்பேன். மேலும் ஒன்றை மறைக்கக் கூடாது. நம் சமூகத்தில் வாத்தியம் வாசிப்பது எல்லோருக்கும் விருப்பத் தொழிலாக இருந்ததில்லை. பறையும், எங்கள் பக்கத்தில் தமட்டை என்று சொல்லப்படும் வாத்தியமும், சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியமாக இருந்த காலம் உண்டு. இழவு வீட்டில் அடிக்க மாட்டோம் என்று மறுத்து வெளியேறியவர்களுக்குத் தொழிற்சாலை வாசல் விடுதலையின் வாசல். 'பாரம்பரியம் அழிகிறதே' என்று வருந்துவோர், அந்தப் பாரம்பரியத்தின் சுமை யார் தோளில் இருந்தது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சென்னைத் திரையிசைக் கூடங்களிலும் இதே கதைதான். ஒரு பாடல் பதிவுக்கு வரிசை வரிசையாக வயலின் கலைஞர்கள் அமர்ந்திருந்த காலம் ஒன்றிருந்தது. மின்னணு விசைப்பலகைகளும் கணினியும் வந்தபின் அந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அதே நகரத்திலிருந்து சென்ற இளையராஜா, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு அரங்கேற்றியபோது தமிழகம் பெருமிதம் கொண்டது. 1969-இல் 'டீப் பர்ப்பிள்' ராக் குழுவோடு சேர்ந்திசைத்தபோது மால்கம் ஆர்னால்டு நடத்தியதும் இதே ஆர்க்கெஸ்ட்ராவைத்தான். அத்தனை கலைஞர்களையும் தாங்கிப்பிடிக்கும் ஒரு சமூக ஏற்பாடு அங்கே இருப்பதால்தான், நம் கலைஞரின் இசையை வாசிக்க ஒரு குழு தயாராக இருந்தது. நம் பெருமிதத்துக்குள் இந்தச் செலவுக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

பாமலின் வாதத்தில் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். நேரடிக் கலையின் செலவு ஏறும் என்பது முதல் பாதி. அந்தச் செலவு ஏறுவதற்குக் காரணமே மற்றத் துறைகளில் செல்வம் பெருகுவதுதான். ஆகவே, அந்தச் சமூகம் கலைக்குச் செலவிட முன்னைவிட வசதியோடுதான் இருக்கிறது என்பது மறுபாதி. ராகி விளைந்த காலத்து ஓசூர், தவில்காரருக்கு நெல்லோ பணமோ கொடுத்து வாழவைத்தது. வாகனமும் கடிகாரமும் ஏற்றுமதி செய்யும் ஓசூர், 'கட்டுப்படியாகவில்லை' என்கிறது. இதில் பிழை இருப்பது வருமானத்தில் அல்ல, முன்னுரிமையில்.

கட்டுப்படியாகுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நாகசுரம் ஒருவர், தவில் ஒருவர்; வாரம் ஒரு மாலை; ஆளுக்கு 1,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,04,000 ரூபாய். நிறுவனங்கள் சட்டம், 2013-இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் இடம்பெற்றிருக்கிறது. ஓர் ஊருக்கு இந்தத் தொகை, ஒரு பெருநிறுவனத்தின் கணக்கேட்டில் கண்ணுக்கே தெரியாது. அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் பயின்று வரும் இளைஞர்கள், எந்தச் சாதியைச் சேர்ந்தவராயினும், ஊதியத்தோடும் மரியாதையோடும் வாசிக்க அது வழிசெய்யும். கட்டாய ஊழியமாக இருந்தது விரும்பிச் செய்யும் தொழிலாக மாறுவதற்கு இதுவே வழி.

மோட்டாரைக் கழற்றி எறிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆர்னால்டைப்போல ரைபிளைத் தூக்கவும் வேண்டியதில்லை. ஆளில்லாத நாளில் அது அடிக்கட்டும். ஆனால், தீபம் மேலே எழும்போது தவில்காரரின் கை வேகம் கொள்ளும். திரை விழும்போது அடங்கும். அவர் பூசையைப் பார்த்து வாசிக்கிறார். மோட்டார் எதையும் பார்ப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் குழந்தைகள் ஒருமுறையேனும் காதால் கேட்டிருக்க வேண்டும். கேட்டிராதவர்களுக்கு எதை இழந்தோம் என்பதுகூடத் தெரியாமல் போய்விடும்.

மின்வெட்டு நேர்ந்த அந்த நாளுக்குப் பிறகு, எங்கள் கோயிலில் கைமணியைத் தேடிக் கண்டெடுத்து வாசலருகே ஓர் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார்கள். மின்சாரம் போனால் குழந்தைகளே ஓடிச்சென்று அடிக்கிறார்கள். தாளம் தப்புகிறது, ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்கு ஒரு செட்டு நாகசுரம் பேசலாமா என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. செலவு எவ்வளவு ஆகும் என்று என்னிடம் கேட்டார்கள். பொருளியல் பேராசிரியனாயிற்றே! கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் பங்கையும் அதில் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.